கொலைகாரன் கதை சொன்னால்: அரவிந்த் அடிகாவின் நாவலை முன்வைத்து

2009 குளிர்காலம். பட்பர்கஞ்சிலிருந்து பாரகம்பா ரோடு ஆபீசுக்குப் போகிற வழியில், ஐ.டி.ஓ. சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. டெல்லிக்காரர்களுக்கு ஐ.டி.ஓ.வைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் நடைபாதைக் கடையில் வாங்கிய நாவலைப் பின் சீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன், ஒரு பக்கத்தில் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவரும் புன்னகையோடுதான் கேட்டார்: "க்யா பாத் ஹை, சாப்?" சொன்னால் நானும் சிரிப்பேனே என்கிற தோரணை.

"குச் நஹீ, பையா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன்.

சொல்லியிருக்க முடியாது. அந்த நாவலைச் சொல்பவன் ஒரு கார் ஓட்டுநர். பீகாரிலிருந்து டெல்லிக்கு வந்தவன். தன் முதலாளியின் கழுத்தை அறுத்துக் கொன்றவன். என்னைச் சிரிக்க வைத்த பக்கத்தில், ஓட்டுநர்கள் பொழுது போகாமல் படிக்கும் ஒரு மலிவான கொலைப் பத்திரிகையைப் பற்றிப் பேசுகிறான். உங்கள் டிரைவர் அதைப் படிக்கிறாரா, நிம்மதியாக இருங்கள். அதில் வரும் கொலைகாரனைப் போல ஆக எவனுக்கும் ஆசை வராது. அவர் காந்தியையும் புத்தரையும் புரட்ட ஆரம்பித்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும் என்கிறான். முன் சீட்டில் இருந்தவரும் பீகார்க்காரர்தான், தர்பங்கா பக்கம். இதை அவருக்கு இந்தியில் எப்படிச் சொல்வது?

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், நான் கம்பனையோ சிலம்பையோ தொடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். "கொலைகாரனே கதை சொல்லும் த்ரில்லர் நாவல்கள் பற்றி" என்றதும் தொலைபேசியில் சிறிது நேரம் மௌனம். "குடும்பத்தோடு படிக்கிற மலர் சார்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன் என்றேன். குடும்பத்தோடு படிக்கிறவர்கள்தான் இன்று இந்தக் கதைகளைக் குடும்பத்தோடு பார்க்கவும் செய்கிறார்கள். கொலை செய்தவனே நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக் கதை சொல்கிறான். நாம் அப்பளத்தைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறோம். இதில் நமக்கு என்ன ருசி?

முதலில் நாவலைப் பற்றி. 'தி ஒயிட் டைகர்' 2008-இல் வந்தது. அந்த வருடமே புக்கர் பரிசு பெற்றது. அரவிந்த் அடிகா 1974-இல் சென்னையில் பிறந்தவர் என்பதால் நம் சங்கங்களில் சிலர் உடனே அவரை 'நம்மாள்' ஆக்கிக்கொண்டார்கள். அவர் வளர்ந்தது மங்களூரில், பிறகு ஆஸ்திரேலியாவில். பரிசு வாங்கியவர் சென்னையில் ஒரு வேளை காபி குடித்திருந்தாலே போதும், நமக்கு.

கதைசொல்லியின் பெயர் பல்ராம் ஹல்வாய். ரிக்‌ஷா இழுப்பவரின் மகன். டீக்கடையில் கரி உடைத்தவன். ஒரு ஜமீன்தார் குடும்பத்துக்கு ஓட்டுநராகி, இளைய மகன் அசோக்குடனும் அவன் மனைவி பிங்கி மேடத்துடனும் குர்காவுன் வந்து சேர்கிறான். எட்டு மாதத்தில் உடைந்த ஜானி வாக்கர் பாட்டிலால் அசோக்கைக் கொன்று, லஞ்சம் கொடுப்பதற்காக எடுத்துப் போன 7 லட்சம் ரூபாய்ப் பையோடு பெங்களூருக்கு ஓடி, அங்கே கால் சென்டர்களுக்கு டாக்சி விடும் முதலாளி ஆகிறான். இதையெல்லாம் ஏழு இரவுகளில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவுக்குக் கடிதமாகச் சொல்கிறான். (அவர் 2005 ஏப்ரலில் நிஜமாகவே பெங்களூர் வந்தார்.) கதையைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். கொன்றதை அவனே முதல் இரவிலேயே சொல்லிவிடுகிறான். யார் கொலைகாரன் என்பது இங்கே புதிரே இல்லை. எந்தப் பக்கத்தில் நமக்கு இவனைப் பிடிக்காமல் போகும் என்பதுதான் புதிர். நானும் காத்திருந்தேன். கடைசிப் பக்கம் வந்துவிட்டது, அந்தப் பக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குப் புலப்பட்டது இது. அவன் பொய் சொல்லி நம்மை வளைப்பதில்லை, நிஜத்தைச் சொல்லித்தான் வளைக்கிறான். காச நோயில் அப்பா சாகிறார். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசை விழுங்குகிறார். அவருக்கே ஆறு மாதமாகச் சம்பளம் வராதபோது அவர் வேறென்ன செய்வார் என்று ஊரும் அவரைக் குறை சொல்வதில்லை. ஊரில் எல்லார் ஓட்டையும் வேறு யாரோ போட்டுவிடுகிறார்கள். டெல்லியில் மந்திரி வீடுகளுக்குச் சிவப்புப் பை போய் வருகிறது. இதில் எதையாவது மறுக்க நமக்கு வாய் வருமா? ஒவ்வொரு நிஜத்துக்கும் நாம் தலையாட்டுகிறோம். ஒவ்வொரு தலையாட்டலும் அவன் கணக்கில் வரவாகிக்கொண்டே போகிறது. சிரிப்பும் அதே கணக்கில்தான் சேர்கிறது. கொலை செய்கிற இரவில் அந்தக் கணக்கிலிருந்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறான். அதுவரை தலையாட்டியவர்கள் அங்கே மட்டும் எப்படித் தலையை நிறுத்துவது?

இது அடிகா கண்டுபிடித்த வித்தை அல்ல. திருச்சியில் பி.ஏ. படித்தபோது எங்களுக்கு ராபர்ட் பிரௌனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' பாடமாக இருந்தது. 1842-இல் வெளியானது. ஒரு பிரபு, திரைக்குப் பின்னால் இருக்கும் தன் இறந்துபோன மனைவியின் படத்தை விருந்தாளிக்குக் காட்டுகிறான். அவள் எல்லாரையும் பார்த்து ஒரே மாதிரி புன்னகைத்தாள், அது எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். அவள் எப்படிச் செத்தாள் என்று நேராகச் சொல்வதில்லை. சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது. அந்த விருந்தாளி யார்? அடுத்த கல்யாணத்துக்காகப் பெண் வீட்டார் அனுப்பிய தூதர்! வரதட்சிணைப் பேச்சும் அதே மூச்சில் நடக்கிறது. எங்கள் பேராசிரியர் அந்த வகுப்பில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தத் தூதர் திரும்பிப் போய் பெண்ணோட அப்பாகிட்ட என்ன சொல்லியிருப்பார்?" யாரும் பதில் சொல்லவில்லை. பரீட்சைக்கு வராத கேள்வி என்று விட்டுவிட்டோம்.

இந்த வகைக் கதைகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு ஆள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். பிரபுவுக்குத் தூதர். 1955-இல் வந்த நபக்கோவின் 'லோலிடா'வில் ஒரு சிறுமியின் வாழ்க்கையை நாசமாக்கிய ஹம்பர்ட், ஜூரிகளைப் பார்த்து அழகழகான வாக்கியங்களில் பேசுகிறான். பல்ராமுக்குச் சீனப் பிரதமர். இவர்கள் யாருக்கும் குறுக்கே பேச வழி இல்லை. அந்த நாற்காலியில் நம்மை உட்கார வைத்துவிட்டால், நம் மௌனமும் சம்மதம் மாதிரி ஆகிவிடுகிறது.

இதில் சிரிப்பு எப்படி ஆயுதம் ஆகிறது என்று பார்க்க விரும்புபவர்களுக்கு நான் ஜிம் தாம்ஸனின் 'தி கில்லர் இன்சைட் மீ' நாவலைச் சொல்வேன். 1952-இல் வந்த அமெரிக்க நாவல். கதைசொல்லி லூ ஃபோர்டு, டெக்ஸஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் துணை ஷெரீஃப். ஊருக்கே நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம் என்று பெயர். உள்ளுக்குள் கொலைகாரன். அவனுடைய பொழுதுபோக்கு என்ன தெரியுமா? ஆட்களை நிறுத்தி வைத்து, தேய்ந்துபோன பழமொழிகளாகப் பேசியே சாகடிப்பது. நம் கல்யாண வீடுகளில் ஒரு மாமா இருப்பாரே, கையைப் பிடித்துக்கொண்டு "எல்லாம் அவன் செயல், நம்ம கையில என்ன இருக்கு" என்று ஆரம்பித்து, பந்தி முடிகிற வரைக்கும் விடாமல் பேசுவாரே, அந்த மாதிரி. மாமாவுக்கு அது தெரியாது. லூ அதைத் தெரிந்தே செய்கிறான். எதிராளி நெளிவதை உள்ளே ரசிக்கிறான். நமக்கும் சிரிப்பு வருகிறது, அந்த மாமா நினைவுக்கு வருவதால். அடுத்த அத்தியாயத்தில் அவன் ஒரு பெண்ணைக் கையாலேயே அடித்து நொறுக்கும்போதும் குரல் மாறுவதில்லை. அப்போதுதான், முன்பு நாம் ரசித்த அந்தப் பழமொழி விளையாட்டும் அடிதான், ஆள் மட்டும்தான் வேறு என்று உறைக்கிறது. தாம்ஸன் நம்மை அந்த இடத்தில் தனியாக விட்டுவிடுகிறார். எனக்கு அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை. ஆனால் மோசமான புத்தகம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

வில்லனின் கேலிக்குக் கைதட்டுவது நமக்குப் புதிதல்ல. 'ரத்தக்கண்ணீர்' படம் 1954-இல் வந்தது. நான் பார்த்தது பல வருடம் கழித்து, கும்பகோணம் பக்கத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில், அம்மாவுடன். எம்.ஆர். ராதா பெற்ற தாயையும் கட்டிய மனைவியையும் எடுத்தெறிந்து பேசுகிற ஒவ்வொரு வசனத்துக்கும் ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா சிரிக்கவில்லை. மண் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் சிரிக்கவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கொட்டகையில் அந்த வசதி ஒன்று உண்டு: பக்கத்தில் சிரிக்காதவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் ஆளில் சொல்லப்படும் நாவலில் அவர் இல்லை. நாமும் கொலைகாரனும் மட்டும்தான், கதவைச் சாத்திக்கொண்டு.

அதனால் இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அசோக்கின் கொலையையே பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது பெரிய விஷயம்தான். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் கொடுமைக்காரர்கள் கிழவனும் மூத்த மகனும். அசோக் ஒருவன்தான் பல்ராமிடம் கொஞ்சமாவது மனிதனாக நடந்துகொண்டவன். திடம் இல்லாத நல்லவன். பல்ராம் கொன்றது அவனைத்தான். ஆகவே 'அநியாயத்துக்கு எதிராகப் பொங்கினான்' என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் ஒட்டவில்லை. ஊரில் தன் குடும்பத்தை ஜமீன்தார் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்தேதான் கொன்றான். சின்னப் பையன் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மற்றவர்களை ஒரு தோள் குலுக்கலில் கடந்துவிடுகிறான். இருந்தாலும் முதலாளி வர்க்கம், தொழிலாளி வர்க்கம் என்று நமக்கு வாதாட இடம் இருக்கிறது.

வாதாட இடமே இல்லாத ஆள் ராம் பெர்சாத்.

நாவலைப் படித்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேருக்கு இந்தப் பெயர் நினைவில் இருக்காது. அந்த வீட்டின் மூத்த ஓட்டுநர். பல்ராமுக்கும் அவனுக்கும் ஒரே அறை. அவனுக்குக் கட்டில், பல்ராமுக்குத் தரை. அறை நிறையச் சாமிப் படங்கள் மாட்டியிருக்கிறான். டெல்லிக்கு ஓட்டிக்கொண்டு போகும் வாய்ப்பு அவனுக்குத்தான் கிடைக்க இருந்தது. அந்தச் சமயத்தில் அவன் பகலில் சாப்பிடாமல் இருப்பதை பல்ராம் கவனிக்கிறான், பின்தொடர்ந்து போகிறான், மசூதிக்குள் நுழைவதைப் பார்த்துவிடுகிறான். ராம் பெர்சாத் முஸ்லிம். அந்த வீட்டில் முஸ்லிமுக்கு வேலை கிடைக்காது என்பதால் பெயரையும் சாமியையும் மாற்றிக்கொண்டு, வயிற்றுப்பாட்டுக்காக வருடக்கணக்கில் நடித்தவன். பல்ராமுக்கு ரகசியம் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் அவன் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ராம் பெர்சாத் இரவோடு இரவாக மூட்டை கட்டுகிறான்.

அந்த இரவில் பல்ராமுக்கு மனசு உறுத்துகிறது. நிஜமாகவே உறுத்துகிறது. எழுந்து போய், நீ எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே, நீயே டெல்லிக்குப் போ என்று சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைக்கிறான். நினைத்துவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்து, காற்று விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறான். காலையில் ராம் பெர்சாத் இல்லை. சாமிப் படங்கள் மட்டும் இருக்கின்றன.

நான் அந்த இடத்தில் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோதும் சிரித்தேன். குடும்ப மலரில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இல்லை. அடிகா அந்த ஒரு வாக்கியத்தில் செய்திருப்பதைப் பாருங்கள். இரக்கம் வருகிறது, அது முழுசாக வருவதற்குள் ஒரு கொச்சையான நகைச்சுவை வந்து அதை அடித்துச் சாய்க்கிறது. நாம் சிரித்த அந்த நொடியில் ராம் பெர்சாத் வாசலைத் தாண்டிப் போய்விட்டான். அவனைத் துரத்தியது பல்ராம் மட்டும் இல்லை. அசோக்கின் கொலையில் பாட்டில் செய்த வேலையை, இங்கே ஒரு ஜோக் செய்கிறது. பாட்டில் அவன் கையில் இருந்தது. ஜோக் நம் வாயில்.

கதைசொல்லியான வில்லன் மீது நமக்கு உள்ள மோகத்துக்கு, அவனுடைய துணிச்சல், நமக்குள் அடங்கிக் கிடக்கும் ஆசைகள் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு அதைவிடச் சாதாரணமான ஒரு காரணம் தோன்றுகிறது. நல்லவன் கதை சொன்னால் நாம் எல்லாருக்காகவும் கொஞ்சம் கொஞ்சம் வருத்தப்பட வேண்டியிருக்கிறது. அது களைப்பு. வில்லன் அந்த வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறான். யாரைப் பற்றி வருத்தப்பட வேண்டாம் என்று அவனே முடிவு செய்து, அங்கே ஒரு சிரிப்பையும் வைத்துத் தருகிறான். டெல்லி மாதிரி ஊரில் தினமும் சிக்னலில் கார்க் கண்ணாடியைத் தட்டும் குழந்தையைப் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிய நமக்கு அது பெரிய ஓய்வு. நல்ல எழுத்தாளன் என்றால், அந்த ஓய்வைக் கொடுத்துவிட்டு, பில்லையும் எங்காவது ஒரு மூலையில் வைத்திருப்பான். 'ஒயிட் டைக'ரில் அந்த பில் ராம் பெர்சாத். நாம் பார்க்காமல் எழுந்து வந்துவிடுகிறோம்.

நாவலில் குறை இல்லையா என்றால், உண்டு. 2008-இல் இங்கே பலர் சொன்னது, பீகார் கிராமத்து ஓட்டுநர் இப்படியா பேசுவான், இது படித்த பத்திரிகைக்காரனின் குரல் ஆயிற்றே என்பது. அந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வகைக் கதைசொல்லிகள் எல்லாருமே அளவுக்கு மீறிய வாய்ச்சாலகர்கள்தான். அந்தப் பேச்சுத்தான் அவர்கள் முகமூடி. என் குறை வேறு. பல்ராமின் ஊரை அடிகா முழு இருட்டாக வைத்துவிட்டார். அங்கே பல்ராமைத் தவிர வேறு யாருக்கும் நகைச்சுவை உணர்வே இல்லை. பாட்டி வெறும் பேராசைக்காரி. நான் வேலை நிமித்தம் பாட்னா, முசாபர்பூர் பக்கம் பலமுறை போயிருக்கிறேன். அந்த ஜனங்கள் தங்களையே கிண்டல் செய்துகொள்வது மாதிரி நம்மூரில்கூடக் கேட்டதில்லை. ஊரே சிரிக்கத் தெரியாத ஊர் என்றால்தான் பல்ராமின் சிரிப்பு அதிசயமாகத் தெரியும் என்பதற்காகச் செய்தாரோ என்னவோ. அது கணக்குச் சரி, ஆனால் நியாயம் இல்லை.

2021 ஜனவரியில் ரமின் பஹ்ரானி இயக்கி நெட்ஃபிளிக்ஸில் படம் வந்தது. ஆதர்ஷ் கௌரவ் பல்ராமாக அருமையாகச் செய்திருந்தார். வீட்டில் மூவரும் பார்த்தோம். பின்னணியில் பல்ராமின் குரல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை. புத்தகத்தில் எல்லாரும் அவன் சொல்லித்தான் தெரிகிறார்கள். படத்தில் மற்றவர்களுக்கும் முகம் இருக்கிறது. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் அவர்களைப் பார்த்துவிடுகிறோம்.

படம் முடிந்ததும் என் மனைவி கேட்டது: "நம்ம பையாவோட போலீஸ் வெரிஃபிகேஷன் பேப்பர் எங்க வெச்சிருக்கீங்க?" 2007-இல் எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாமல் போனபோது வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பதினான்கு வருடம். 2020 ஊரடங்கில் தர்பங்கா போய், நாங்கள் கூப்பிட்டதும் திரும்பி வந்தவர். நான் மனைவியைக் கடிந்துகொண்டேன். நாவலின் நயம் புரியாத கேள்வி என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன் என்று நினைக்கிறேன்.

அப்போது என் மகள் சொன்னாள்: "அம்மாவாவது பயந்தா. நீங்க பல்ராம் பக்கம் நின்னு சிரிச்சீங்க. சரிப்பா, பையாவோட டம்ளர் ஏன் ஜன்னல் மேல இருக்கு?"

அந்த டம்ளர் கொரோனாவுக்காக வந்தது இல்லை. அவர் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே சமையலறை ஜன்னல் விளிம்பில் தனியாக இருக்கிறது. எவர்சில்வர்தான். விளிம்பில் சிறு நெளிவு. யார் அங்கே முதலில் வைத்தது என்று எனக்கு நினைவில்லை என்று எழுதப் போனேன். இந்த மாதிரிக் கதைசொல்லிகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அப்படி எழுதக் கூடாது. நான்தான் வைத்தேன். பெரியப்பா ஊரிலிருந்து வந்திருந்தார், அவருக்காக என்று அன்று சொல்லிக்கொண்டேன். பெரியப்பா பத்து நாளில் ஊருக்குப் போய்விட்டார்.

2009-இல் ஐ.டி.ஓ.வில் நான் "குச் நஹீ" என்றது அவர் மனம் புண்படக் கூடாது என்பதற்காக என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது முழு நிஜம் இல்லை. அந்தச் சிரிப்பு அவர் எதிரில் எடுபடாது. 'ரத்தக்கண்ணீ'ரில் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் அன்று அவர் உட்கார்ந்திருந்தார். நான் புத்தகத்தை மூடியது அதனால்தான்.

மகள் கேட்ட பிறகு ஒரு வாரம் கழித்து, ஏதோ ஒரு நெரிசலில், அவருக்குக் கதையைச் சொன்னேன். என் இந்தி நாற்பது வருட டெல்லி இந்தி; வேலைக்கு ஆகும், கதை சொல்ல ஆகாது. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்கு "ஆமாம்" என்றார். சாப்பாட்டுக் காசு தின்ற வாத்தியாருக்கு நன்றாகச் சிரித்தார். தன் ஊர் வாத்தியார் ஒருவரைப் பற்றி அதைவிட நல்ல கதை ஒன்று சொன்னார். கொலைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒருவன் 7 லட்சத்தோடு பெங்களூர் போய் முதலாளி ஆவது நடக்கிற காரியமா என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினார். ராம் பெர்சாத் கதையையும் சொன்னேன். பல்ராம் திரும்பிப் படுத்த இடத்தில் சற்று நிறுத்தினேன். அவர் சிரிக்கவில்லை.

லட்சுமி நகர் மேம்பாலம் தாண்டிய பிறகு கேட்டார்: "வோ ராம் பெர்சாத், ஃபிர் கஹாங் கயா, சாப்?" அந்த ஆள் அப்புறம் எங்கே போனான்?

தெரியவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்து, அந்த அத்தியாயத்துக்குப் பிந்திய பக்கங்களை மறுபடி புரட்டினேன். அவன் போனான் என்பதோடு சரி.